கிரேயானை உலக்கை மாதிரி பிடிக்கிறான்!

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது. கிரேயானை உலக்கை மாதிரி முஷ்டியில் பிடிக்கிறான். மூன்று விரலில் பிடிக்க வைத்தால் தூக்கி எறிகிறான். எப்படித் திருத்துவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவன் எறிவது நியாயம்தான். இந்த வயதுக்கு முஷ்டிப் பிடியே இயல்பு. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் இப்போது இரண்டு மூன்றுதான் எலும்பாகியிருக்கும், மற்றவை குருத்தெலும்பு. மூன்று விரல் பிடி பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில் வரும். அதுவரை விரலைத் திருத்தாதீர்கள், உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் வேலை கொடுங்கள்.

சப்பாத்தி மாவில் சாத்துக்குடி அளவு எடுத்து, அரை டீஸ்பூன் எண்ணெய் தடவிக் கொடுங்கள். ஒட்டினால் கையை உதறிவிட்டு ஓடிவிடுவான், கெட்டியாக இருந்தால் விரல் பதியாது. முதலில் அமுக்கட்டும், பிறகு பாம்பு உருட்டட்டும், கடைசியில் கிள்ளிக் கிள்ளி எடுக்கட்டும். மூன்றிலும் கிள்ளுவதுதான் முக்கியம். உப்பை அள்ளிப்போட்டுச் செய்யும் மைதா களிமண், வாயில் வைக்கிற பிள்ளைக்கு வேண்டாம். அந்த அளவு உப்பு உள்ளே போவது ஆபத்து. பச்சை மாவையும் தின்ன விடாதீர்கள்.

இதைவிட நல்லது முருங்கைக்கீரை. ஈர்க்கை ஒரு கை பிடிக்க, மறு கை உருவ வேண்டும். இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை. இரவு துணியில் சுற்றிவைத்த கீரை தொட்டாலே உதிரும், முதல் நாளுக்கு அது போதும். பழகியதும் புதிதாகப் பறித்ததைக் கொடுங்கள். நாலு ஈர்க்குக்கு மேல் பொறுமை இருக்காது. (சமையல் தாமதமாகும்தான்!)

கிரேயானைப் பிடுங்க வேண்டாம். காகிதத்தை அவன் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். நின்று கிறுக்கும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து நிற்கும். எழுதுவதற்குத் தேவையான நிலை அதுதான்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பெண், கொண்டைக்கடலையை பாட்டிலில் போட்டு விளையாடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. மூன்று வயதுவரை, சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக நுழைகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடிக்கும் இது பொருந்தும்.

பால் பவுடர் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் 7 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு வாய் வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டுங்கள். அதில் ஜாம் பாட்டில் மூடிகளைப் போடட்டும். மூடி சிக்கினால் விளையாட்டை விட்டுவிடுவாள். வாயைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். சுலபமாகிவிட்டால் டப்பாவைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். இப்போது மணிக்கட்டைத் திருப்பினால்தான் மூடி உள்ளே போகும்.

கேள்வி: ஒரு வயதுக் குழந்தை எல்லாவற்றையும் இடது கையாலேயே எடுக்கிறது. மாற்றிப் பழக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இடது கைப் பழக்கம் குறையல்ல, மாற்ற வேண்டாம். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன் ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது வழக்கமில்லை. வலது கை மூடியே இருக்கிறதா, பொருளை அந்தப் பக்கம் நீட்டினாலும் இடது கையே குறுக்கே வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.