பழைய யூத ஜெப நூல்: ரபியின் கையில் இருந்ததுதானா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டு யூதப் பெரியவர் காலமான பிறகு, அவருடைய மகள் ஒரு பழைய ஹீப்ரு ஜெபப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தார். நடுவில் பெரிய எழுத்தில் ஜெபம், சுற்றிலும் பொடி எழுத்தில் உரை. உரை எழுதியவர் ரபி (யூத மத குரு) யாக்கோபு எம்டன் என்றும், இந்தப் பிரதியே அவரிடம் இருந்ததுதான் என்றும் அவர்கள் வீட்டில் சொல்வார்களாம். முன்தாளில் மையால் எழுதிய சில வரிகளும் மங்கிய முத்திரை ஒன்றும் உள்ளன. அட்டை கழன்றுவிட்டது. பைண்டிங் செய்யலாமா? நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: தயவுசெய்து பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். சாதாரண பைண்டர் முதலில் செய்வது பழைய முன்தாளை எடுத்துவிட்டு ஓரத்தை வெட்டிச் சீராக்குவதுதான். யாரிடம் இருந்த புத்தகம் என்பதற்கான சாட்சி முழுக்க அந்தத் தாளிலும் ஓரங்களிலும்தான் இருக்கிறது. செல்லோடேப் ஒட்ட வேண்டாம், பென்சில் கோட்டைக்கூட அழிக்க வேண்டாம். கழன்ற அட்டையோடு சேர்த்து அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அமிலம் இல்லாத அட்டைப்பெட்டியில் வையுங்கள். இப்போதைக்கு அது போதும்.

அடுத்து, அச்சான வருஷத்தைப் பாருங்கள். ஹீப்ரு நூல் வலமிருந்து இடமாகப் போவதால், நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதுதான் தலைப்புப் பக்கம். வருஷம் பெரும்பாலும் எண்ணாக இராது, எழுத்துகளாக இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. சில சமயம் ஒரு வேத வசனத்தைப் போட்டு, கூட்ட வேண்டிய எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இது யூத ஆண்டுக் கணக்கு, அதில் ஆயிரங்களை வழக்கமாக விட்டுவிடுவார்கள் என்பதால், வரும் தொகையோடு 1240-ஐக் கூட்டினால் நம் கணக்கு வருஷம் கிடைக்கும். யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் ஓராண்டு முந்தியும் இருக்கலாம்.

உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிடும். எம்டன் வாழ்ந்தது 1697 முதல் 1776 வரை. ஹாம்பர்க்கை ஒட்டிய அல்டோனாவில், அன்று அது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது, சொந்தமாக அச்சகம் வைத்து 1745 முதல் இந்த ஜெப நூலைத் தன் உரையோடு வெளியிட்டார். ஆனால் பரவலாகக் கிடைப்பது 1904-இல் லெம்பர்க்கில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில், ‘பேத் யாக்கோவ்’ என்ற பெயரில் வந்த பதிப்பும் அதன் மறு அச்சுகளும். அதில் பதிப்பாளர்கள் சேர்த்தது நிறைய. வருஷத்தின் இடத்தில் தாவ் (400), ரேஷ் (200), சாமெக் (60), தாலெத் (4) இருந்தால் மொத்தம் 664, அதாவது 1904. அவர் இறந்து 128 வருஷம் கழித்து அச்சான புத்தகம் அவரிடம் இருந்திருக்க வழியில்லை.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கு அன்று பெரிய மதிப்பு. அதனால் மற்ற ஊர் அச்சகத்தார் ‘ஆம்ஸ்டர்டாம் எழுத்துருவில்’ என்பதில் ஆம்ஸ்டர்டாமை மட்டும் பெரிதாகவும், தங்கள் ஊரைப் பொடியாகவும் போட்டார்கள். பொடி எழுத்தை நம்புங்கள்.

வருஷம் பொருந்தினால் கையெழுத்துக்கு வரலாம். ‘பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது’ என்ற சங்கீத வரியை எழுதிவிட்டு, அதன் கீழே தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதுவது ஹீப்ரு நூல் வைத்திருந்தவர்களின் வழக்கம். எம்டனின் தகப்பனார் ரபி ட்ஸ்வி அஷ்கெனாசி. ஆனால் ட்ஸ்வியின் மகன் யாக்கோபு என்ற பெயரில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். பெயர் மட்டும் போதாது, எழுத்தின் போக்கை அவருடைய கைப்பிரதிகளோடு ஒப்பிட வேண்டும். ஒரு லென்ஸ் எடுத்து, புழு அரித்த ஓட்டை ஓரத்தில் மை எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். ஓட்டையின் விளிம்பில் மை கசிந்து ஊறியிருந்தால், புழு அரித்த பிறகு எழுதியது. எழுத்தையே ஓட்டை துண்டித்திருந்தால் எழுத்து முந்தியது. பழைய புத்தகத்தில் பெரிய ரபியின் பெயரைப் பின்னாளில் சேர்ப்பதும் நடப்பதுதான்.

என்னைக் கேட்டால், முன்தாள் கையொப்பத்தைவிட ஓரக் குறிப்புகள்தான் பெரிய பொக்கிஷம். உரையாசிரியரே தன் உரையை ஓரத்தில் திருத்தியிருந்தால் அது ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் பிரதி.

முத்திரையை அலட்சியம் செய்யாதீர்கள். விலையைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாஜிகள் ஐரோப்பா முழுவதும் யூத நூலகங்களைச் சூறையாடினார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் ஜெர்மனியின் ஒஃபன்பாக்கில் வைத்து முப்பது லட்சத்துக்கும் அதிகமான நூல்களையும் ஆவணங்களையும் பிரித்து அனுப்பினார்கள். உங்கள் முத்திரை ஒரு ஜெபாலயத்துடையதோ சமயக் கல்லூரியுடையதோ என்றால், அது அங்கிருந்து எப்படி வெளியே வந்தது என்று தெரிந்தாக வேண்டும். கொள்ளை போன பொருள்களைக் கண்டறிந்து உரியவர்களிடம் சேர்க்க உதவும் அமைப்பு (Commission for Looted Art in Europe) லண்டனிலேயே இருக்கிறது, அவர்களிடம் விசாரிக்கலாம்.

விலை? லுட்சாட்டோ மஹ்சோர் என்ற பண்டிகை ஜெப நூல் 2021-இல் நியூயார்க்கில் 83 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது சுமார் எழுநூறு ஆண்டுக்கு முந்தைய பவேரியக் கையெழுத்துப் பிரதி. பதுவா நகர அறிஞர் லுட்சாட்டோவிடம் இருந்தது, அவர் மறைந்த பின் 1870-இல் பாரிஸின் யூத அமைப்பு ஒன்று வாங்கியது, அங்கிருந்து ஏலத்துக்கு வந்தது. கை மாறிய வழி தெளிவாகத் தெரிகிறது. 1904 பதிப்பை அதன் பக்கத்தில் வைக்க முடியாது. அதன் சாதாரணப் பிரதிக்குப் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். அல்டோனா பதிப்பாக இருந்து ஓரக் குறிப்பும் உண்மையானால் கதையே வேறு.

தலைப்புப் பக்கம், கடைசி அச்சுத் தாள், எழுத்துள்ள எல்லாப் பக்கங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி முத்திரை என்று படம் எடுத்து, யூத நூல்களுக்குத் தனிப் பிரிவுள்ள ஏல நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். உதிர்ந்த தாள்களையும் எறியாதீர்கள். இறைவன் பெயர் உள்ள தாளை யூதர்கள் குப்பையில் போடுவதில்லை, அடக்கம்தான் செய்வார்கள்.

அப்புறம் ஒன்று, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த மகளிடம் பேசி, குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த வருஷம் லண்டன் வந்தது, புத்தகம் யார் கையிலிருந்து யாருக்கு வந்தது, எம்டன் பெயரை முதலில் சொன்னது யார் என்று கேட்டு, அவர் கைப்படவே எழுதித் தேதியிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் அவை.