கோ ஷாமோ சேவலில் நல்ல லைன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். ஜப்பானின் சின்னச் சண்டைக் கோழி இனமான கோ ஷாமோவில் சேவலை அங்கே எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்? ஒரு லைன், அதாவது ஒருவர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் வம்சம், நல்லதா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? என் பதில் இரண்டுக்கும் சேர்த்துத்தான். முதலில் அது நிற்கும் நிலையைப் பாருங்கள், அடுத்து எலும்பைப் பாருங்கள். பிறகு அந்தச் சேவலை விட்டுவிட்டு அதன் தாயையும் கூடப் பிறந்த பெட்டைகளையும் பாருங்கள். நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

வேலைக்காக ஜப்பானின் மியே மாகாணத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வாழ்நாள் முழுக்கக் கோ ஷாமோ வளர்த்தவர். ஓய்வு நாட்களில் அவருடைய கூண்டுகளைச் சுத்தம் செய்யக் கூடப் போவேன். நான் இங்கே எழுதுவதில் பாதி அவரிடம் பார்த்துக் கற்றது.

ஷாமோ என்பது ஒரே கோழி இல்லை, ஒரு பெரிய குடும்பம். 17ஆம் நூற்றாண்டில், எடோ காலத்தின் தொடக்கத்தில், அன்றைய சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த சண்டைக் கோழிகளை வைத்து ஜப்பானியர்கள் உருவாக்கியது. பெரியது ஓ ஷாமோ. சேவல் ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். நடுத்தரம் சூ ஷாமோ, மூன்றே முக்கால் கிலோ அளவு. கோ ஷாமோ ஒரு கிலோவை ஒட்டியது, பெட்டை அதைவிடக் குறைவு. இடையில் யமாட்டோ குங்கேய் இருக்கிறது. இரண்டு கிலோ அளவில், கட்டையான காலும் சுருக்கம் விழுந்த முகமுமாக. மியேயில் கறுப்பான யாகிடோ உண்டு. அகிதாவில் கின்பா என்று ஒன்று. அதில் சேவலுக்கும் பெட்டை மாதிரியே இறகு இருக்கும், வளைந்த நீள வால் இறகே வராது. 1941இல் ஷாமோவை ஜப்பானிய அரசு இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. பெரிய வகைகளைச் சண்டைக்கு வளர்த்தார்கள். சின்ன வகைகளை அந்தச் சண்டைக்காரனின் உருவத்தை வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே வளர்த்தார்கள். இதை மனதில் வைத்தால்தான் மதிப்பிடும் முறை புரியும்.

கோ ஷாமோவுக்கு அடிப்படை அளவு ஒன்று உண்டு: கழுத்து ஒரு பங்கு, உடல் ஒரு பங்கு, கால் ஒரு பங்கு. மூன்றும் சமம். சேவல் விறைத்து நிற்கும்போது தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் இது தெரியும். கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. அதனால் பெரியவர் யார் வந்தாலும் முதலில் கோழியைத் தொட விடமாட்டார். சும்மா நின்று பார்க்கச் சொல்வார். கோழி தானாக நிமிர்கிறதா, யாராவது சீண்டினால்தான் நிமிர்கிறதா என்பதை அந்த நேரத்தில் கண்டுகொள்ளலாம். பயந்த கோழி குனிந்து ஓடும். எலும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் குணம் இல்லாவிட்டால் அந்த நிலை வராது. சண்டைக்கே விடாத கோழிக்கு எதற்குச் சண்டைக் குணம் என்று கேட்கிறார்கள். நிமிர்ந்து நிற்க வைப்பதே அந்தக் குணம்தான்.

அடுத்து தோள். இறக்கையின் மேல்முனை உடலை விட்டு முன்னால் துருத்திக்கொண்டு, தனித் தோளாகத் தெரிய வேண்டும். அந்த மூட்டில் இறகு இல்லாமல் சிவந்த தோல் தெரிவது குறை அல்ல, சிறப்பு. நெஞ்செலும்பின் மேலும் அதே மாதிரி சிவப்புத் தோல் ஒரு கோடாகத் தெரியும். இறகு குட்டையாக, விறைப்பாக, குறைவாக இருக்க வேண்டும். கழுத்தின் பின்பக்கம் எலும்பு வளையும் இடத்தில் இறகு பிரிந்து நிற்கும். வால் சிறியது, கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஜப்பானில் அதை இறால் வால் என்பார்கள். கால் தடித்து, செதில்கள் வரிசையாக அடுக்கியிருக்க வேண்டும்.

தலையைப் பற்றித்தான் வளர்ப்பவர்களிடையே அதிகம் வாக்குவாதம். புருவ எலும்பு கனமாக, அலகு குட்டையாக உறுதியாக, கண் முத்து வெள்ளையாக இருக்க வேண்டும். இளம் கோழியின் கண் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்திருந்தால் உடனே கழித்துவிடாதீர்கள். வயது ஏற ஏறத்தான் வெளுக்கும். முகமும் அப்படித்தான். இரண்டு, மூன்று வயதில்தான் ஒரு ஷாமோ முழு உருவத்துக்கு வரும். எட்டு மாதக் குஞ்சைப் படம் பிடித்துப் போட்டு 'டாப் குவாலிட்டி' என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். அந்த வயதில் அது எப்படி வரும் என்று விற்பவருக்கே தெரியாது.

என் கருத்து ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிலர் ஒரே ஓர் அம்சத்தைத் துரத்துகிறார்கள். யமாட்டோவில் சுருக்கம் அதிகம் வேண்டும், கோ ஷாமோவில் நெஞ்சு இன்னும் மொட்டையாக வேண்டும், வால் இன்னும் குட்டையாக வேண்டும் என்று. சுருக்கம் கண்ணை மூடினால் அந்தக் கோழிக்குப் பார்வை போகிறது. இறகு மிகக் குறைந்த பெட்டையால் குளிரையும் தாங்க முடியாது, முட்டைகளையும் முழுதாக மூட முடியாது. கோழி வருந்தும் அளவுக்குப் போன அழகுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். நல்ல நடுவர் எந்த ஒன்றும் துருத்தாத மொத்த உருவத்தைத்தான் பார்க்கிறார்.

இப்போது லைன். பரிசு வாங்கிய சேவலை மட்டும் வைத்து ஒரு லைனை எடைபோட முடியாது. நூறு குஞ்சில் ஒன்று எங்கும் நன்றாக வந்துவிடும். நல்ல லைனில் சராசரிக் கோழியே நன்றாக இருக்கும். அந்தச் சராசரி பெட்டைகளில்தான் அப்பட்டமாகத் தெரியும். அலங்காரம் எதுவும் அவற்றில் மறைக்காது. ஒரே கூண்டில் நான்கு பெட்டைகள் நின்று நான்கும் ஒரே தோள், ஒரே கால், ஒரே நிமிர்வு என்றால் அங்கே உழைப்பு இருக்கிறது. இதற்கு மரபியல் காரணமும் உண்டு. கோழியில் பாலினத்தைத் தீர்மானிக்கும் Z குரோமோசோம் சேவலிடம் இரண்டு, பெட்டையிடம் ஒன்றுதான். அது மகள்களுக்குப் போவதில்லை, மகன்களுக்கு மட்டுமே போகிறது. ஆக அந்தக் குரோமோசோமில் உள்ள குணங்களில் ஒரு பாதியைச் சேவல் தாயிடமிருந்தே வாங்குகிறது. தாயைப் பார்க்காமல் மகனை வாங்குபவர் பாதி விவரத்தைத்தான் வாங்குகிறார்.

கலப்பைக் கண்டுபிடிக்கக் கொண்டை ஒரு நல்ல துப்பு. கோ ஷாமோவில் பட்டாணிக் கொண்டையும் (தாழ்ந்த மூன்று வரிசையாக இருப்பது) உண்டு, வால்நட் கொண்டையும் (வால்நட் கொட்டை போல முடிச்சாக இருப்பது) உண்டு. பட்டாணி மரபணுவும் ரோஜாக் கொண்டை மரபணுவும் ஒன்றுசேர்ந்தால்தான் வால்நட் வரும். 1900களின் தொடக்கத்திலேயே மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் காட்டியது இது. தாயும் தந்தையும் இரண்டு மரபணுவிலும் ஒவ்வொரு பிரதி மட்டுமே வைத்திருந்தால், சராசரியாகப் பதினாறு குஞ்சில் ஒன்பது வால்நட், மூன்று ரோஜா, மூன்று பட்டாணி, ஒன்று சாதாரண ஒற்றைக் கொண்டை. அப்படி ஒரு ஒற்றைக் கொண்டைக் குஞ்சு வந்துவிட்டால் பெற்றோர் இரண்டுமே அதை ஒளித்து வைத்திருக்கின்றன என்று பொருள். பட்டாணி மரபணு தாடியையும் சிறிதாக்குவதால், அது நழுவினால் முகமே மாறிவிடும். விற்பவரிடம் 'ஒற்றைக் கொண்டை எப்போதாவது வந்ததா?' என்று நேராகக் கேளுங்கள்.

லைனைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். முட்டை குறைவு. குஞ்சுகள் சில வாரங்களிலேயே ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், சேவல்களைத் தனித்தனிக் கூண்டில் பிரிக்க வேண்டும். இதனால் பலர் ஒரே ஜோடியில் தொடங்கி அண்ணன் தங்கையைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு தலைமுறை அப்படிச் சேர்த்தாலே உட்கலப்புக் குணகம் (நெருங்கிய உறவுக்குள் சேர்த்ததன் அளவு) 25 சதவீதம். அப்பன் மகளைச் சேர்த்தாலும் அதே 25தான். உருவம் சீக்கிரம் ஒன்றாகும், உண்மை. ஆனால் கருக்கூடாமை, முட்டைக்குள் குஞ்சு இறப்பது, பிறகு உடல் மெலிவு என்று வரிசையாக வரும். பெரியவர் தன் கோழிகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்து வைத்திருந்தார். பெட்டைகள் பிறந்த குடும்பத்திலேயே இருக்கும். சேவல் மட்டும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுற்றி வரும். வெளி ரத்தம் தேவைப்பட்டால் ஒரே ஒரு பெட்டையைக் கொண்டுவந்து, அதன் குஞ்சுகளைத் தனியே வளர்த்து, பிடித்தால் மட்டும் உள்ளே விடுவார். எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று பென்சிலால் எழுதாமல் ஒன்றையும் அடைக்கு வைக்கமாட்டார்.

நம் ஊரில் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவுக்குள் உயிர்க் கோழியோ அடைமுட்டையோ கொண்டுவர அரசின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் 'நேராக ஜப்பான் லைன்' என்று சொல்வதை நான் நம்பமாட்டேன். நம் அசில் சண்டைக் கோழியும் ஷாமோவும் உடல்வாகில் நெருக்கம் என்பதால் சின்ன அசிலைக் கலந்தால் முதல் தலைமுறை ஏமாற்றும் அளவுக்கு நன்றாகவே நிற்கும். அடுத்த தலைமுறையில் எடையும் வாலும் சிதறிப் போகும். கிளிமூக்கு விசிறிவால் என்ற அசில் வகையை வளர்க்கும் நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். அவர்களும் உருவத்துக்காகவே சண்டைக் கோழி வளர்ப்பவர்கள். தாய்க்கோழியைப் பார்க்காமல் குஞ்சு எடுக்கமாட்டார்கள்.

போய்ப் பார்க்கும்போது தாய், தந்தை, முந்தைய ஆண்டுக் குஞ்சுகள் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். போன பருவத்தில் எத்தனை முட்டை வைத்தார், எத்தனை பொரித்தது என்று கேளுங்கள். பதிவு வைத்திருப்பவர் நோட்டை எடுத்துக் காட்டுவார். காட்டினால் ஒரு சேவலுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு பெட்டைகளை வாங்குங்கள், வெவ்வேறு தாயுடையவையாக. சேவலை அடுத்த ஆண்டு தேடிக்கொள்ளலாம்.