தாத்தாவுக்கு அப்பா யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்குத் தாத்தா பெயர் வரைதான் தெரியும். அப்பா காலமாகிவிட்டார். பெரிய அத்தை மட்டும் பரமக்குடியில் இருக்கிறார், எண்பத்தாறு வயது. முன்னோரைத் தேட ஆசை. டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பணம் கட்டட்டுமா, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டுமா?
– வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமையே பரமக்குடிக்கு பஸ் ஏறுங்கள். பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், காகிதத்தின் அருமை தெரியும். பத்திரம் அடுத்த வருஷமும் அதே அலமாரியில்தான் இருக்கும். அத்தையின் ஞாபகத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

போனதும் "நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க, தாத்தா எந்த வருஷம் செத்தார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அதெல்லாம் யாரு கண்டா" என்று சொல்லிவிட்டு அவர் காபி போட எழுந்துவிடுவார். நடந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "காந்தி செத்தப்போ உங்க தாத்தா இருந்தாரா?" "தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ கையில எந்தப் பிள்ளை?" முதலாவது 1948 ஜனவரி, அடுத்தது 1964 டிசம்பர். அவர் சொல்கிற பிறப்பு, இறப்பு, கல்யாணங்களை இந்த இரண்டுக்கும் முன்னே, பின்னே என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் ஒரே கதையை இரண்டு தரம் சொன்னால் இரண்டு தரமும் கேளுங்கள். இரண்டாம் தரம் சொல்லும்போது புதிதாக ஒரு பெயர் வந்து விழும்.

அப்புறம் பரண், டிரங்குப் பெட்டி. கருமாதிப் பத்திரிகை கிடைத்தால் பொக்கிஷம்: மகன், மகள், மருமகன், பேரன், பேத்தி என்று குடும்பமே அதில் அச்சாகியிருக்கும். துக்கக் காகிதம் வீட்டில் இருக்கக் கூடாது என்று பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். தப்பியது ஒன்றிரண்டு சொந்தக்காரர் வீட்டில் கிடக்கும், விசாரியுங்கள்.

நான் உயிராக நினைப்பது பழைய கிரயப் பத்திரத்தை. நிறையப் பேர் சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். முதல் வரியைப் படியுங்கள். "மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு" என்று தொடங்கும். தாத்தா வாங்கிய நிலமானால் அவர் அப்பா பெயர் அங்கேயே இருக்கிறது. பிறகு நான்கு எல்லைக்கு வாருங்கள். "இன்னார் பாகத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு" என்று இருக்கும். பாகம் என்று எழுதியிருந்தால், அநேகமாக ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரித்துக்கொண்ட நிலம். அந்த இன்னார் உங்கள் பங்காளியாக இருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், மச்சானும் மாமனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

பத்திரம் கையில் இல்லையா? 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றை (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். சர்வே எண் தெரியாது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். சொத்து வாரியாக ஓர் அட்டவணை இருப்பது போல, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர் வாரியாகவும் ஓர் அட்டவணை உண்டு. அதில் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை உங்களுக்கு ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகளைக் காட்டலாம். பூட்டன் பெயரைச் சொல்லாது. எழும்பூருக்கு, ஊரும் தாலுகாவும் உறுதியான பிறகு போங்கள்.

கேள்வி: தாத்தாவின் ஜாதகத்தில் "தாது வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கிறது. இது எந்த ஆண்டு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வந்தது 1876, 1936, 1996-ல். முதலாவது, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறார்களே, அது. உங்கள் தாத்தா என்றால் 1936 ஆகத்தான் இருக்கும். உங்கள் பக்கத்து ஜாதகங்களில் கொல்லம் ஆண்டும், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கும், போட்டிருப்பார்கள். 1112 என்று இருக்கிறதா பாருங்கள். ஆவணிக்கு 824 கூட்டினால் 1936 வரும். ஜனவரிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 825 கூட்ட வேண்டும்.

கேள்வி: அப்பா வழியில் ஐந்து தலைமுறை எழுதிவிட்டேன். அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. என் அம்மாச்சிக்கு அம்மா யார் என்று எங்கே போய்த் தேடுவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்படி ஒரு கடிதம் வராதா என்று காத்திருந்தேன். தலைமுறை எழுதியிருக்கிறோம் என்று பெருமையாக நீட்டுகிற நோட்டுகளில் பாதிக் குடும்பம் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தேடிப் பெரிதாகப் பயனில்லை. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வரும்வரை பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது, அதனால் பெயரும் இருக்காது. பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம், சொத்தைத் தானமாக எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மென்ட் இரண்டையும் பாருங்கள். இன்னொரு இடமும் உண்டு, மைனர் பிள்ளையின் சார்பில் எழுதிய பத்திரம். "மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான இன்னார் அம்மாள்" என்று வரும். சின்ன வயதில் தாலியறுத்து, பிள்ளைக்காகக் கைநாட்டு வைத்த எத்தனையோ பெண்கள், வேறெங்கும் பெயர் இல்லாதவர்கள், அந்த ஒரு வரியில் இருக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இன்னொரு நல்ல வழி இருக்கிறது: மொய் நோட்டு. உங்கள் அம்மாவுக்குக் காது குத்தியபோது எழுதிய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன் செய்ததைத் தேடிப் பிடியுங்கள். அவர் உங்கள் அம்மாச்சியின் உடன்பிறந்தவர், ஊரும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த வீட்டு வாரிசுகளிடம் போய் அவருடைய அம்மா பெயரைக் கேளுங்கள். நீங்கள் தேடுகிறவர் அவர்தான். அந்தப் பாட்டி பிறந்த ஊரையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் பூட்டனார் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். அவர் காகிதத்தில் ஓர் எண் இருக்கிறது. ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், டர்பன்

பதில்: முடியும். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1860 நவம்பரில் வந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு இப்படி ஆளுக்கோர் எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதினார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியது, அதனால் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆனது போலத்தான் ஊர்களும் ஆகியிருக்கும். வட ஆற்காடு போன்ற அன்றைய ஜில்லாக்கள் இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஒரே பெயரில் நாலைந்து ஊர்கள் உண்டு, தாலுகாவைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று ஊர்கள் மிஞ்சினால் குலதெய்வம் உதவும். உங்கள் வீட்டில் இன்றும் எந்தச் சாமிக்குப் படைக்கிறீர்கள், என்ன படைக்கிறீர்கள் என்று தாலுகா பெயருடன் எழுதுங்கள். அந்தப் பக்கத்து வாசகர்களிடம் நானே கேட்டுச் சொல்கிறேன்.