காசநோய் குணமான பிறகும் ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. மூன்று ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரையை முழுதாக முடித்தார். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. பிரஷர் 120/80தான். எக்கோ ரிப்போர்ட்டில் ‘நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம்’ என்று இருக்கிறது. டிபி திரும்பிவிட்டதா?

பதில்: கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளுடையது. எக்கோவில் சொல்லியிருப்பது, இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியின் அழுத்தம். அங்கே சராசரியாக 14 மி.மீ. பாதரசம் இருந்தால் இயல்பு. 20-ஐத் தாண்டினாலே நோய். ஆகவே 120/80-ஐ வைத்து நிம்மதி அடைய முடியாது.

கிருமி செத்தாலும் அது அரித்த இடம் தழும்பாகவும் குழியாகவும் நின்றுவிடுகிறது. அங்கிருந்த ரத்த நுண்குழாய்களும் அழிந்துபோகின்றன. ரத்தத்தின் அளவோ குறைவதில்லை; அத்தனையும் மிச்சமிருக்கும் குழாய்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். போதாததற்கு, காற்று சரியாக வராத பகுதியில் ஆக்ஸிஜன் குறைந்ததும் தமனிகள் தாமாகவே சுருங்குகின்றன. இந்த எதிர்ப்பைத் தள்ளித் தள்ளி வலது கீழறை தடித்து, விரிந்து, கடைசியில் தளர்கிறது. கால் வீக்கம் அந்தத் தளர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம்.

டிபி திரும்பியதா என்பதைச் சளிதான் சொல்ல வேண்டும். சளியைக் கல்ச்சருக்கும், அதாவது உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும், அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவருக்கு விரைவு மரபணுப் பரிசோதனை, செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டிவிடக்கூடும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு என்றைக்கும் தெரியும். அதையும் மூச்சுத்திணறலையும் மட்டும் பார்த்து மறுபடி மாத்திரை தொடங்குவது தவறு. தேவையில்லாத மருந்து கல்லீரலைக் கெடுக்கும். இதயமோ கவனிக்கப்படாமலே கிடக்கும்.

கேள்வி: எக்கோ மட்டும் போதுமா?

பதில்: சந்தேகத்தை எழுப்ப அது போதும். இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம்; 3.4-ஐத் தாண்டினால் பலத்த சந்தேகம். ஆனால் தழும்பு இதயத்தை ஒரு பக்கம் இழுத்திருந்தால் படம் தெளிவாக விழாது, கணக்கும் பிசகும். கழுத்து அல்லது தொடையிலுள்ள சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அளப்பதே உறுதியான சோதனை. எல்லோருக்கும் உடனே அது வேண்டியதில்லை. நுரையீரல் சேதத்துக்குப் பொருந்தாத அளவு அழுத்தம் ஏறியிருந்தால் அவசியம். அப்போது பழைய ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஏனென்றால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

கேள்வி: வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருக்கிறோம். மூச்சு முட்டும்போது மட்டும் போட்டால் போதாதா?

பதில்: போதாது. தமனி சுருங்காமல் காப்பதுதான் நோக்கம். அதனால் தூக்க நேரத்தையும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வேண்டும். ஓய்வில், தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 55 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் இது தேவை; வலது இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் 59 வரைக்கும். விரல் கருவியில் 88 சதவீதமோ அதற்குக் குறைவோ காட்டினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் தவறான எண்ணைத் தரும். உட்கார்ந்து ஒருமுறை, ஆறு நிமிடம் நடந்து ஒருமுறை பார்ப்பது நல்லது. நடக்கும்போது மட்டும் ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறவர்கள் நிறையப் பேர்.

இயந்திரத்தில் ஆக்ஸிஜன் வரும் லிட்டர் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். காலையில் தலைவலி, பகலில் அரைமயக்கம் என்றால் கரியமில வாயு தேங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். இயந்திரத்தின் அருகே அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது.

கேள்வி: இந்த நோய்க்கு ரத்தக் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரை கொடுப்பார்களாமே, வாங்கலாமா?

பதில்: நீங்களாக வாங்காதீர்கள். நுரையீரல் கெட்டதால் வரும் அழுத்தத்துக்கு அது வழக்கமான மருந்து கிடையாது. காற்று வராத பகுதிக்கும் ரத்தத்தைத் திறந்துவிட்டு, ஆக்ஸிஜனை இன்னும் குறைத்துவிடலாம். காசநோய் சிகிச்சை நடக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளை முடுக்கி, சில்டெனாஃபில், நுரையீரல் அழுத்தத்துக்கான இன்னொரு மருந்தான போசென்டன், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் சுமார் இரண்டு வாரம் அந்த வேகம் மெல்லத்தான் அடங்கும். அதற்குள் வார்ஃபரின் அளவைத் திருத்தாவிட்டால் ரத்தம் கசியும்.