சலங்கையைக் கழற்றிய பிறகு: நடனக் கலைஞர்களின் கேள்விகள்

கே: வயது 36. முழுநேரப் பரதக் கலைஞர். முட்டி வலி விடுவதாக இல்லை. முட்டியை மடக்கி நின்று ஆடும் அரைமண்டியைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். நாட்டியத்தையே விட வேண்டியதுதானா?

ப: அப்படி அவசரப்படாதீர்கள். முட்டியைப் பதம் பார்ப்பது வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் வரும் தீர்மானங்கள்தான், அதாவது வேகமான அடவுக் கோவைகள். அபிநயப் பாடல்களான பதமும் ஜாவளியும் அவ்வளவு படுத்தாது. கலாநிதி நாராயணன் திருமணத்துக்குப் பின் மேடையை விட்டவர். 1973-இல், நாற்பதுகளின் நடுவில், அபிநய ஆசிரியராகத் திரும்பி வந்தார். பெயர் பெற்ற கலைஞர்களே அவரிடம் போய்ப் பதம் கற்றார்கள். 1985-இல் பத்மபூஷண்.

தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் இன்னொரு வழி. ஆடத் தெரிந்தால் அது தானாக வந்துவிடாது. கை தாளம் தட்ட, வாய் சொல்கட்டு என்ற தாளச் சொற்களைச் சொல்ல, கண் ஆடுபவரின் பாதத்தில் இருக்க வேண்டும். அவர் அரை அட்சரம் பிசகினால் சபைக்குத் தெரியாமல் நீங்கள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பில், அதிலும் மூன்று எண்ணிக்கையில் அமைந்த திஸ்ர அலாரிப்பில் தொடங்கி, பழக்கமான குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள். ஒரு விஷயம்: இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்வதும் முட்டிக்கு வேலைதான். மருத்துவரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

கே: எல்லாரும் "ஒரு டான்ஸ் கிளாஸ் போட்டுடு" என்கிறார்கள்.

ப: குழந்தைகளோடு இருக்கப் பிடிக்குமா? முதல் பாடமான தட்டடவையே ஒரு வருடம் சலிக்காமல் சொல்லித் தருவீர்களா? இல்லையென்றால் வேண்டாம். மேடை நிர்வாகம், ஒளியமைப்பு, நடன ஆவணப்படுத்தல் என வேறு வேலைகளும் இருக்கின்றன. மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அவை எளிதில் கைவரும்.

கே: சினிமாவில் குரூப் டான்ஸர். 39 வயது. முன்பு மாதிரி ஷூட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை.

ப: கூப்பிடுவது முழுக்க நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். மாஸ்டருக்கு உதவியாளராகப் போவதுதான் நேர்வழி. ஆனால் அங்கே இடம் குறைவு, போட்டி அதிகம். திருமண சங்கீத், கல்லூரி விழாக்களுக்கு நடனம் அமைப்பதில் உடனடி வருமானம் உண்டு. சம்பளம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற தொழிலில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு நல்லது. ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு ஓடும், 15 ஆண்டில் முதிரும்.

கே: கல்லூரி விரிவுரையாளர் ஆக வயது தடையா?

ப: உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. முதுகலைப் பட்டம் வேண்டும், பொதுப் பிரிவினருக்கு 55 சதவீத மதிப்பெண். அரங்கேற்றச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

கே: ஆடுவதை நிறுத்தும் கலைஞர்களுக்கு வெளிநாடுகளில் உதவி கிடைக்கிறதாமே?

ப: உண்மை. பாரிஸ் ஓப்பராவின் பாலே கலைஞர்கள் 42 வயதில் ஓய்வூதியத்தோடு போகிறார்கள். நம் ஊரில் அதற்கு இணையாக எதுவும் இல்லை என்பது வருத்தம்தான். இருப்பதைப் பயன்படுத்துங்கள். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் 25 முதல் 40 வயது வரை. மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு சீனியர், மாதம் 20,000. ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். "பரதத்தின் வரலாறு" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. உங்கள் குருவின் பாணியில் மட்டும் இருக்கும் பத்து ஜதிகளை, அதாவது தாளச் சொற்கோவைகளைப் பற்றி எழுதுங்கள். அதை உங்களைவிட நன்றாக யார் எழுதிவிடப் போகிறார்கள்?