கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குச் செவிலியர் வரும்போது: கேள்வி பதில்

திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது முதல் ஓராண்டு வரையிலான குழந்தைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மானூரிலிருந்து ஒரு தாய்: குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. நர்ஸம்மா மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வந்தார்கள். பதினான்காம் நாளும் வருவார்களாம். குழந்தைக்கு ஏதும் குறை இருக்கிறதா?

குறை எதுவும் இல்லை, அம்மா. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பது நடைமுறை. வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட்டதா என்பதைப் பதினான்காம் நாள் தராசுதான் சொல்லும். செவிலியர் வந்ததும் குழந்தையின் துணியைக் களைந்து, தொப்புளைப் பார்த்து, உள்ளங்காலைத் தொட்டுச் சூடு அறிந்து, வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். அமைதியாக இருக்கும் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மீண்டும் ஒருமுறை எண்ணுவார். அப்போதும் குறையவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவார். ஆகவே, “இப்போதுதான் கண்ணயர்ந்தது, பிறகு வாருங்கள்” என்று அவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

ராதாபுரம்: வெயில் கடுமையாக இருக்கிறது. மூன்று மாதக் குழந்தைக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் கொடுக்கலாமா?

கூடாது. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறது என்றால் குழந்தைக்குப் பால் போதுகிறது என்று பொருள். ஆறு மாதம் நிறையும் வரை, மருத்துவர் தரும் மருந்தைத் தவிர, தாய்ப்பால் அல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

முக்கூடல்: பீடி சுற்றித்தான் பிழைக்கிறோம். தட்டை மடியில் வைத்துக்கொண்டே தொட்டிலையும் ஆட்டுகிறேன். பால் கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம். இதைக் கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். எத்தனையோ வீடுகளில் கேட்காமலே பாலை நிறுத்திப் புட்டிக்கு மாற்றிவிட்டார்கள். புகையிலைத் தூள் விரலிடுக்கிலும் சேலை முந்தானையிலும் ஒட்டியிருக்கும். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். குழந்தை அழுதவுடன் தட்டை இறக்கி வைத்துவிட்டு அப்படியே மாரில் அணைப்பதைத்தான் நான் வீட்டுக்கு வீடு பார்த்தேன். பால் கொடுக்கும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மார்பையும் துடைத்து, சுற்றும்போது மேலே போட்டிருந்த பழைய சட்டையையோ துண்டையோ கழற்றி வைத்துவிடுங்கள். தொட்டிலை வேறு அறையிலோ, காற்று உங்கள் பக்கமிருந்து அதன் மேல் வீசாத இடத்திலோ கட்டுங்கள். இலை நனைத்த தண்ணீரும் தூளும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

களக்காடு: ஆச்சி குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார்கள். தடுத்தால் வருத்தப்படுகிறார்கள்.

வருத்தப்பட்டாலும் தடுத்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். பதினொரு நாள் குழந்தை ஒன்றுக்கு நான் மூச்சு எண்ணியபோது 70-ஐத் தாண்டியது. விலாவுக்குக் கீழே நெஞ்சு குழி விழுந்தது. குளித்த எண்ணெயின் மினுமினுப்பு அப்போதும் மூக்கு ஓரத்தில் இருந்தது. 108 வண்டியில் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், குழந்தை பிழைத்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆச்சி: நான் ஐந்து பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்வது சரியா?

உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை, அம்மா. காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி, இதமாக எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றித் துவட்டும் பக்குவம் படித்துவிட்டு வந்த எங்களுக்கு இல்லாதது. அதைத் தொடர்ந்து செய்யுங்கள். மூக்கிலும் காதிலும் தொப்புளிலும் எண்ணெய் விடுவதையும், வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதையும், கதவடைத்த அறையில் சாம்பிராணிப் புகை போடுவதையும் மட்டுமே விடச் சொல்கிறேன். வளர்ந்த பிள்ளைகள் நம் கண் முன்னே இருக்கிறார்கள். தங்காமல் போனவை கணக்கில் வருவதில்லை. பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவேட்டில் எழுதியவள் நான். இரண்டு எண்களும் வெவ்வேறாக இருந்த வீடுகளில் அந்தத் தாய்மார் தலை குனிந்து பதில் சொன்னது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நாங்குநேரி: ஆச்சி சொல்வதே சரி. எண்ணெய் விடாவிட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளாதா?

தும்மித் தும்மியே குழந்தை மூக்கைச் சுத்தம் செய்துகொள்ளும். அடைப்பினால் பால் குடிக்க முடியாவிட்டால், மருத்துவர் தரும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும்.

வள்ளியூர்: பிறந்தவுடன் சேனை வைக்க வேண்டும் என்கிறார்கள். தேன் தொட்டு வைக்கலாமா?

கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சீம்பாலே முதல் சேனையாக இருக்கட்டும்.

சேரன்மகாதேவி: வசம்பு உரைத்து நாக்கில் தடவலாமா? மேலப்பாளையம்: வயிற்று உப்புசத்துக்குக் கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

ராதாபுரத்துக்கும் வள்ளியூருக்கும் எழுதிய பதில்களைத் தயவுசெய்து படியுங்கள். வசம்பானாலும் உரைமருந்தானாலும் கிரைப் வாட்டரானாலும் கூடாது. இதே கேள்வி வேறு பெயரில் இனியும் வந்தால் நான் தனியே பதில் எழுதப் போவதில்லை.

பாளையங்கோட்டை: குழந்தைக்கு மஞ்சள் காமாலை. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

வெயில் இதற்குச் சிகிச்சை ஆகாது. வீட்டுக் குழல் விளக்கும் ஆகாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கூடங்குளம்: ஊசி போட்ட இடது தோளில் சீழ்க் கொப்புளம் வந்திருக்கிறது.

காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசி போட்ட சில வாரங்களில் இப்படி வருவது இயல்பு. எதையும் தடவாமல் விட்டுவிடுங்கள்; தழும்பாக ஆறிவிடும்.

திசையன்விளை: மகப்பேறு நிதியுதவித் தொகை இன்னும் வரவில்லை.

தாய்சேய் நல அட்டையோடும் வங்கிக் கணக்குப் புத்தகத்தோடும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதைப் பார்த்துச் சொல்லும் வசதி என்னிடம் இல்லை.

மூலைக்கரைப்பட்டி: தாய்வீட்டுக்கு வந்திருக்கிறேன். பதிவு கணவர் ஊரில் இருப்பதால் இங்கே யாரும் வரவில்லை. எனக்கோ காரணமில்லாமல் அழுகை வருகிறது. எல்லோரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள்.

முதலில் உங்களைப் பற்றிச் சொல்கிறேன். பிரசவித்த சில நாள்களில் வரும் அழுகை பலருக்கும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, உறக்கம் கெட்டுக் குழந்தையைத் தொடவே மனமில்லாமல் போனாலோ அது சிகிச்சையால் குணமாகும் நோய். திமிர் என்றோ சோம்பல் என்றோ யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதேனும் செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் தனியாக இருக்காமல், அந்த நிமிடமே அம்மாவை எழுப்பிச் சொல்லி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பதிவு எண் கணவர் ஊரோடு நின்றுவிடுவதில்லை. எங்கே போனாலும் அதே எண்தான். அட்டையை அம்மாவிடம் கொடுத்து, நாளைக் காலையே துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் வரும்போது, குழந்தையைக் காட்டும் முன் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள்.