வசந்தத்தில் சுட்டெரிக்கும் வெயில், மறுநாளே இடியும் குளிரும்: கேள்வி பதில்

வசந்தம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மூன்று நாளாகக் கோடை போல 28 டிகிரி. நேற்று மாலை இடிமழை கொட்டியது, இன்று காலை வெறும் 5 டிகிரி. இப்படியும் மாறுமா?

மாறும். வெயில் ஒன்று, குளிர் இன்னொன்று என்று பிரித்துப் பார்ப்பதால்தான் வியப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே தாழ்வழுத்தத்தின், அதாவது சுற்றிலும் இருப்பதைவிடக் காற்றழுத்தம் குறைந்த பகுதியின், வேலை. வட அரைக்கோளத்தில் அது நெருங்கி வரும்போது, முன்பக்கம் தெற்கிலிருந்து சூடான ஈரக்காற்றை இழுத்து வரும். பின்பக்கம் வடக்கின் குளிர்காற்றை இறக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் எல்லைதான் குளிர் வளிமுகம். ஆக, பருவம் தப்பிய அந்த வெயிலே பல நேரங்களில் குளிர் வருவதற்கான முன்னறிவிப்பு.

1911 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் பகலில் சுமார் 28 டிகிரி, அன்று நள்ளிரவுக்குள் மைனஸ் 8! அது இலையுதிர் காலம்தான், ஆனால் நடந்தது இதே கதை.

'முகம்' என்று ஏன் பெயர்?

முதல் உலகப்போர் முடிந்த கையோடு, நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அவர் மகன் யாக்கோப் ஆகியோரின் குழு இந்தக் கருத்தை உருவாக்கியது. இரண்டு படைகள் மோதும் போர்முனையைப் போல இரண்டு காற்றுகள் மோதுகின்றன என்று பார்த்தார்கள். போர்முனைக்கு ஆங்கிலத்தில் 'front' என்று பெயர், அதுவே தமிழில் 'முகம்' ஆனது. எனக்கு மிகவும் பிடித்த உவமை இது.

சாதாரண மழையாகப் பெய்யாமல் ஏன் இவ்வளவு ஆவேசம்? ஆலங்கட்டி வேறு!

குளிர்காற்று கனமானது. ஆப்பு அடிப்பது போலத் தரையை ஒட்டி நுழைந்து, மேலே இருக்கும் சூடான ஈரக்காற்றைச் சட்டென்று தூக்கிவிடும். அந்த ஈரம் மேலே போய் மேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் காற்று இன்னும் வேகமாக ஏறும். இது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். வசந்தத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு: சூரியன் தரையைச் சூடாக்கிவிட்டது, உயரத்திலோ குளிர்காலம் இன்னும் விடைபெறவில்லை. கீழே சூடு, மேலே கடுங்குளிர் என்றால் இடிமேகத்துக்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்கு, உயரே ஓடும் ஜெட் காற்றும் வலுவாக இருக்கும். அது புயல்மேகம் சீக்கிரம் கலையாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் உறையும் குளிர் தொடங்கும் உயரம் கோடையைவிடக் கீழே இருப்பதால், ஆலங்கட்டி முழுவதும் உருகுவதற்குள் தரைக்கு வந்துவிடும்.

வளிமுகம் கடந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காற்றின் திசையைப் பாருங்கள். தெற்கு, தென்மேற்கிலிருந்து வீசியது சட்டென்று மேற்கு, வடமேற்குக்குத் திரும்பும். இறங்கிக்கொண்டே வந்த காற்றழுத்தம் ஏறத் தொடங்கும். புழுக்கம் விலகி, மூச்சுவிடவே லேசாக இருக்கும்.

இடி நின்றதும் வெளியே போகலாமா?

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துப் போங்கள். மழை பெய்யாத இடத்திலும் மின்னல் தாக்கும். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

புயல் போய்விட்டது, வானம் பளிச்சென்று இருக்கிறது. வெயிலை நம்பிச் செடிகளை வெளியே நட்டுவிட்டேன். பயமில்லையே?

எனக்குக் கவலையே அந்தப் பளிச்சென்ற வானத்தைப் பார்த்துத்தான். காற்று அடங்கி, மேகமும் ஈரமும் இல்லாத இரவில் தரையின் சூடு தடையின்றி மேலே போய்விடும். விடியும் நேரத்தில் உறைபனி. 2012 மார்ச்சில் வந்த வெயிலை நம்பி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆப்பிள் மரங்கள் முன்கூட்டியே பூத்தன. ஏப்ரல் உறைபனியில் அந்த ஆண்டு விளைச்சலில் ஏறத்தாழ 90 சதவீதம் போயிற்று.

இன்று பொழுது சாய்வதற்குள் துணியால் மூடுங்கள். துணியின் ஓரம் நாலு பக்கமும் தரையைத் தொட வேண்டும், அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே தங்கும். பிளாஸ்டிக் என்றால் இலையில் படாமல் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். காலையில் வெயில் ஏறியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.